டர்போ பொருத்துவதா, எஞ்சினையே மாற்றுவதா?

காரின் உடலும் அடிச்சட்டமும் நல்ல நிலையில் இருந்து, எஞ்சினின் இழுவை மட்டும் போதவில்லை என்றால், உரிமையாளர் முன்னால் இரண்டு பெரிய வழிகள் உள்ளன. இருக்கும் எஞ்சினிலேயே, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போசார்ஜர் (சுருக்கமாக டர்போ) பொருத்தலாம். அல்லது அதை இறக்கிவிட்டு, அதைவிட வலுவான இன்னொரு எஞ்சினை ஏற்றலாம். இவற்றை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் எந்த வழியில் எத்தனை குதிரைத்திறன் கிடைக்கும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஒரே அளவு குதிரைத்திறனை இரு வழிகளிலும் எட்ட முடியும் என்பதால், அந்த எண் தேர்வுக்கு அதிகம் உதவுவதில்லை. டர்போ, எஞ்சினுக்கு உள்ளே நிலவும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றுகிறது. மாற்று எஞ்சினோ, தன்னைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது. எந்தச் சிக்கல் எப்போது தலைகாட்டும், அதைத் தீர்க்க எத்தகைய கைத்திறன் வேண்டும், கார் எத்தனை காலம் ஓடாமல் நிற்கும் என்பவை எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

எஞ்சினின் திறன் என்பது அடிப்படையில் அது உள்ளிழுக்கும் காற்றின் அளவுதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம். அதை எரிக்கத் தேவையான ஆக்சிஜன்தான் எல்லை வகுக்கிறது. முழுமையாக எரிவதற்கு 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்கு ஈடான காற்றை இழுக்கிறது. ஆகவே கூடுதல் காற்றுக்கு மூன்று வழிகளே உள்ளன: கொள்ளளவைக் கூட்டுவது, சுற்று வேகத்தைக் கூட்டுவது, உள்ளே செல்லும் காற்றின் அடர்த்தியைக் கூட்டுவது. டர்போ மூன்றாவது வழி. மாற்று எஞ்சின் பெரும்பாலும் முதல் வழி, சில வேளைகளில் இரண்டாவது வழி. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வடிவமைக்கப்பட்ட எஞ்சினை ஏற்றினால் அதுவும் மூன்றாவது வழியே; இந்தக் கட்டுரையின் இறுதியில் அதற்குத் திரும்புவோம்.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வாயுவோடு வெப்பமாக வெளியேறிவிடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பிடித்து ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசரால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்ற எண்ணத்துக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். வீணாகும் ஆற்றலை மீட்பது என்ற வகையில் இது மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்ற இயற்பியல் விதியிலிருந்து இந்த ஏற்பாடும் தப்ப முடியாது. டர்போ பொருத்துவதில் வரும் பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன என்பதால், இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்றும், டர்போ அரை பார் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்றும் கொள்வோம். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார் என்பதால், மொத்த அழுத்தம் ஒன்றரை மடங்காகிறது. கம்ப்ரசரின் செயல்திறன் 70 சதவீதம் என்றால், அதிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலை 83 டிகிரியை எட்டும். சூடான காற்று விரிவடைவதால், அழுத்தம் 50 சதவீதம் கூடினாலும் அடர்த்தி 28 சதவீதம் மட்டுமே கூடுகிறது. இடையில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் ஓர் இன்டர்கூலரை வைத்து, ஏறிய வெப்பத்தில் 70 சதவீதத்தை வெளியேற்றிவிட்டால், காற்று 46 டிகிரிக்கு இறங்கி, அடர்த்தியின் உயர்வு 42 சதவீதத்தை நெருங்குகிறது. குழாய்களில் ஏற்படும் சிறு அழுத்த இழப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் இன்டர்கூலர் இல்லாத டர்போ ஏன் அரைகுறை வேலை என்பதை இந்த எண்களே காட்டிவிடும்.

அடர்த்திக் குறைவைவிடப் பெரிய ஆபத்து நாக்கிங். ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய தீ சிலிண்டரின் மறுகோடியை அடையும் முன்பே, அங்கே மீந்திருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாக வெடித்துவிடுவதே நாக்கிங். அது சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டனின் வளைய இடுக்குகள் உடையலாம். தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். டர்போ இல்லாமல் வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் சிக்கனத்துக்காக 10:1, 11:1 போன்ற உயர்ந்த அமுக்க விகிதத்தில் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) அமைந்திருக்கும். ஏற்கெனவே அமுக்கப்பட்ட சூடான காற்றை அத்தகைய எஞ்சினுக்குள் அனுப்பினால், நாக்கிங்குக்கும் இயல்பான எரிதலுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகவும் சுருங்கிவிடும். 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார்களுள் ஒன்று. அதன் 3.5 லிட்டர் வி8 எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25:1. நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். அந்தத் திரவத்தைத் தவறாமல் நிரப்பிவைக்க உரிமையாளர்கள் பலர் தவறினார்கள். டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டருக்குத் திரும்பிய கார்கள் ஏராளம். 1963-க்குப் பிறகு அந்த மாடல் தொடரவில்லை. வண்டியை வடிவமைத்த நிறுவனமே செய்த வேலைக்கு நேர்ந்த கதி இது. எஞ்சினின் உள்ளமைப்பைத் தொடாமல் வெளியே டர்போவை மட்டும் மாட்ட நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். முழு அழுத்தத்தில் உள்ளே குளிர்ச்சி வேண்டும் என்பதற்காகக் கலவையை வழக்கத்தைவிடச் செறிவாக, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் 12:1-ஐ ஒட்டி இருக்கும்படி வைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் பெட்ரோலின் தேவை காற்றைவிடவும் வேகமாக உயர்கிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. எரிபொருள் குழாயில் 3 பார் அழுத்தம் மாறாமல் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது என்றால், இன்ஜெக்டர் தெளிக்கும் இடத்தில் டர்போ அரை பார் எதிரழுத்தத்தை உண்டாக்கும்போது பயன்படும் வேறுபாடு இரண்டரை பாராகக் குறைந்துவிடும். தெளிக்கப்படும் அளவும் ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். எஞ்சினுக்கு மிக அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அதே நொடியில் இன்ஜெக்டர் குறைவாகத் தருகிறது என்பதே இதன் பொருள். இன்டேக் அழுத்தத்தோடு சேர்ந்து எரிபொருள் அழுத்தமும் உயரும்படி ரெகுலேட்டரை அமைப்பதும், பெரிய இன்ஜெக்டர்களும் பம்பும் பொருத்துவதும் இதனால்தான் கட்டாயமாகின்றன. அழுத்த சென்சாருக்கும் இதே குறை உண்டு: வளிமண்டல அழுத்தம் வரை மட்டுமே அளக்கும்படி அமைந்த பழைய சென்சார், அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரே எண்ணைத்தான் கணினிக்குச் சொல்லும். எஞ்சின் கணினியின் பற்றவைப்பு அட்டவணையும் டர்போவை அறியாமல் எழுதப்பட்டது. ஆகவே கணினியை மறுநிரல் செய்வதோ, தனிக் கணினி ஒன்றை வைத்துத் திறன் அளவிடும் உருளை மேடையில் படிப்படியாக ட்யூன் செய்வதோ இந்த வேலையின் மையப் பகுதி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழல்வதால் அதற்குச் சுத்தமான ஆயில் தொடர்ந்து வேண்டும். அந்த ஆயில் புவியீர்ப்பால் மட்டுமே எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்புவதால், திரும்பும் குழாய் அகலமாகவும் மேடுபள்ளமின்றிக் கீழ்நோக்கியும் இறங்க வேண்டும்.

பிஸ்டனையும், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் பற்றிய அச்சம் ஓரளவு மிகைப்படுத்தப்படுகிறது என்பது என் கருத்து. அதிகச் சுற்றில் ஓடும் எஞ்சினில் ராடைக் கொல்வது, எக்ஸாஸ்ட் வீச்சின் முடிவில் மேலே போகும் பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுக்கும் இழுவிசை. அது சுற்று வேகத்தின் இருமடியில் வளரும். 6,000 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்குப் போனால் 36 சதவீதம் கூடும். டர்போவோ சுற்றைக் கூட்டாமல் ராடின் மேல் அமுக்குவிசையைக் கூட்டுகிறது. அமுக்குவிசையை நல்ல எஃகு ராடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எனவே நாக்கிங் வராதபடி ட்யூன் செய்யப்பட்ட, அரை பாருக்கு மிகாத டர்போ, நலமான ஓர் எஞ்சினைப் பல ஆண்டுகள் ஓட விடும். அழுத்தத்தை 1 பாருக்கு உயர்த்தும்போது நிலைமை வேறு. அப்போது வார்ப்புப் பிஸ்டனுக்குப் பதில் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனும், வலுவான ராடும், உலோக அடுக்குகளால் ஆன ஹெட் கேஸ்கெட்டும் வேண்டும் என்றாகி, எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டும் வேலையாகிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு, டர்போ எளிய வழி என்ற வாதமே மறைந்துவிடுகிறது. டீசல் எஞ்சினில் நாக்கிங் என்ற எல்லை இந்த வடிவில் இல்லாவிட்டாலும், பிஸ்டனின் வெப்பம் எல்லையாகிறது. தொழிற்சாலை டர்போ டீசல்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் அமைப்பு இருப்பது அதனால்தான்.

இனி எஞ்சின் மாற்றம். எஞ்சினை இறக்கி ஏற்றுவது இதில் மிகச் சிறிய பகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புதிய எஞ்சின் உட்காரும் மவுண்ட்கள் பழைய இடங்களில் அமையாது. சம்ப் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடிக்கலாம். மேல்பகுதி பானட்டில் இடிக்கலாம். ஸ்டீயரிங் தண்டு போகும் வழியில் எக்ஸாஸ்ட் குழாய் வரலாம். கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் பொருந்தாவிட்டால், அந்த எஞ்சினுக்குரிய கியர்பாக்ஸையும் ஏற்ற வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் பின்சக்கர இயக்கக் காரில் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் நீளமும், முன்சக்கர இயக்கக் காரில் இரு ஆக்சில்களின் நீளமும் மாறும். ரேடியேட்டர், எரிபொருள் குழாய்கள், ஏசி கம்ப்ரசரின் குழாய்கள், பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் குழாய் என ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்க்கப்பட வேண்டியவை. இவற்றில் எதுவும் பெரிய அறிவுப் புதிர் கிடையாது. ஆனால் வெல்டிங்கும் அளவெடுப்பும் பொறுமையும் தேவைப்படும் நூறு சிறு வேலைகள் அவை. அவற்றில் ஒன்று நின்றாலும் கார் முழுவதும் நின்றுவிடும்.

மின்னணுவியல்தான் உண்மையான கடினப் பகுதி. 1990-களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் எஞ்சின் கணினி பெரும்பாலும் தனித்து இயங்கியது. மாற்று எஞ்சினோடு அதன் கணினியையும் வயரிங்கையும் கொண்டுவந்து, மின்சாரமும் சில சமிக்ஞைகளும் கொடுத்தால் ஓடிவிடும். அதன் பிறகு வந்த கார்களில் சாவியை அறியும் இம்மொபிலைசர், ஏபிஎஸ், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், டேஷ்போர்டு ஆகியவை எல்லாம் ஒரே தகவல் வலையில் பேசிக்கொள்கின்றன. எஞ்சின் கணினி எதிர்பார்க்கும் செய்தி வராவிட்டால் அது எஞ்சினை ஓடவிடாது. ஓடினாலும் குறைந்த திறனிலேயே ஓடவிடும். ஆகவே புதிய காராக இருக்கும்போது, வேறு நிறுவனத்தின் எஞ்சினை ஏற்றும் திட்டத்தைவிட, இருக்கும் எஞ்சினுக்கு அளவான டர்போவே அறிவுடைய தேர்வு.

எடையையும் மறக்கக் கூடாது. முன்பக்கம் கனத்தால் ஸ்பிரிங், டேம்பர், பிரேக் எல்லாம் மாற வேண்டும். வளைவுகளில் காரின் இயல்பே மாறிவிடும். 1997-இல் செவ்ரோலெட் கார்வெட்டில் அறிமுகமான 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சினும் அதன் வழிவந்தவையும் உலகெங்கும் மாற்று எஞ்சினாக இவ்வளவு விரும்பப்படுவதற்கு, அவற்றின் குதிரைத்திறனைவிட உடலமைப்பே பெரிய காரணம். சிலிண்டர்கள் அமைந்த அலுமினிய பிளாக்கும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலே இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் வரும் குறுகிய அகலமும், மஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற சிறிய கார்களிலும் அவற்றை நுழைக்க வழிசெய்தன. பல்லாயிரம் பேர் ஒரே மாற்றத்தைச் செய்துவிட்டதால் மவுண்ட், சம்ப், வயரிங் எல்லாம் தயார்நிலையில் கிடைக்கும் நிலை வந்தது. எவரும் செய்யாத மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பவர், அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இரு வழிகளையும் ஒரே காரில் வைத்துப் பார்க்க நிசான் 240எஸ்எக்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவில் 1991-இலிருந்து அது கேஏ24டிஇ என்ற 2.4 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சினுடன் வந்தது. அதே அடிச்சட்டத்தில் ஜப்பானில் விற்ற சில்வியாவோ எஸ்ஆர்20டிஇடி என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சினைப் பெற்றது. கேஏ எஞ்சினுக்கு இரும்பு பிளாக், 89 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 96 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சு, 155 குதிரைத்திறன். எஸ்ஆர் எஞ்சினுக்கு அலுமினிய பிளாக், விட்டமும் வீச்சும் 86 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் 8.5:1, தொடக்கத்தில் 205 குதிரைத்திறன். கேஏவுக்கு டர்போ போடுவதா, எஸ்ஆரை ஏற்றுவதா என்ற விவாதம் இந்தக் காரின் ஆர்வலரிடையே பல்லாண்டுகளாக நடக்கிறது. எஸ்ஆரை ஏற்றினால் தொழிற்சாலையே சமன்செய்த இன்ஜெக்டர், கணினி, டர்போ எல்லாம் ஒரே தொகுப்பாக வந்துவிடும். அடிச்சட்டம் ஒன்றே என்பதால் பொருத்துவதும் எளிது. மறுபக்கம், 400 சிசி கூடுதல் கொள்ளளவுள்ள கேஏ, டர்போ விழித்தெழும் முன்பே கீழ்ச் சுற்றில் நல்ல இழுவை தரும். ஆனால் நீண்ட வீச்சு அதை உயர்ந்த சுற்றுக்கு உகந்ததாக விடுவதில்லை. 6,500 சுற்றில் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20.8 மீட்டர். எஸ்ஆர் எஞ்சின் 7,000 சுற்றிலும் 20 மீட்டரை ஒட்டியே இருக்கும், என்றாலும் உயர்ந்த சுற்றில் அதன் வால்வுகளைத் திறக்கும் ராக்கர் ஆர்ம்கள் இடம்விட்டு நழுவும் குறை பெயர்பெற்றது. தெருவில் ஓட்டுபவருக்குக் கேஏவின் குணம் பொருந்தலாம். ஓடுதளத்தில் உயர் சுற்றிலேயே இருப்பவருக்கு எஸ்ஆர் பொருந்தலாம். ஆனால் கடல் கடந்து வந்த பழைய எஸ்ஆர் எஞ்சினின் கடந்தகாலம் வாங்குபவருக்குத் தெரியாது. தன் காரிலுள்ள கேஏவின் கடந்தகாலம் உரிமையாளருக்குத் தெரியும். இந்த வேறுபாட்டுக்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன்.

சிக்கல்கள் வெளிப்படும் நேரத்திலும் இரு வழிகளும் எதிரெதிரானவை. எஞ்சின் மாற்றத்தின் தொல்லைகளில் பெரும்பாலானவை எஞ்சின் முதன்முறை ஓடுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்: பொருந்தாத மவுண்ட் பொருந்தவே மாட்டேன் என்கிறது, தவறான வயரிங் ஸ்டார்ட் ஆக விடுவதில்லை. டர்போவின் தொல்லைகள், எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிப்படும்: ஒரு வெப்பமான நாளில், நீண்ட ஏற்றத்தில், தரம் குறைந்த பெட்ரோலோடு. அதனால் டர்போ வழியில் வேலைப்பட்டறையைவிட ட்யூன் செய்பவரின் திறமையே பெரிது; எஞ்சின் மாற்ற வழியில் ட்யூன் செய்பவரைவிட வெல்டரின் திறமையும் மின்பணியாளரின் திறமையும் பெரிது. அருகில் நம்பத்தக்க ட்யூனர் இல்லாதவருக்கு டர்போவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ளவை அதே சுமையைத் தாங்க வேண்டும். 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்த எஞ்சின் 42 சதவீதம் கூடுதல் காற்றோடு 270-ஐ எட்டும். அதுவும் டர்போவில் நடுச் சுற்றிலேயே எட்டும். கிளட்ச் முதலில் வழுக்கும்; அதை வலுப்படுத்தினால் சுமை கியர்பாக்ஸுக்கும், அங்கிருந்து ஆக்சிலுக்கும் நகரும். மாற்று எஞ்சின் தன் கியர்பாக்ஸோடு வருமானால், அந்த இணையாவது ஒன்றுக்கொன்று பொருந்தியதாக இருக்கும் என்பது அந்த வழியின் பெரிய நன்மை. சட்டமும் இரண்டையும் தொடுகிறது: எஞ்சின் எண் பதிவாவணத்தில் இடம்பெறும் நாடுகளில் எஞ்சின் மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும், டர்போ பொருத்தும்போது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எஞ்சினிலிருந்து விலகிப்போய் சூடேறத் தாமதிப்பதால், புகைச் சோதனையில் சிக்கல் வரலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, இருக்கும் எஞ்சினை அளப்பது. சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, கசிவுச் சோதனையில் ஏதேனும் ஒரு சிலிண்டர் தனக்குள் செலுத்தப்பட்ட காற்றில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தாலோ, அந்த எஞ்சினுக்கு டர்போ போடுவது நோயாளியின் தலையில் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும். அதைப் பிரித்துக் கட்டும் செலவு எப்படியும் வரும் என்பதால், அங்கே மாற்று எஞ்சின் நியாயமாகிறது. எஞ்சின் நலமாக இருந்து, தேவை இப்போதைய திறனைவிட மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாற்பது சதவீதம் என்ற அளவில் இருந்தால், இன்டர்கூலருடன் கூடிய அரை பார் டர்போ போதும். திறன் இரட்டிப்பாக வேண்டும் என்பவருக்கு இன்னொரு எஞ்சினே ஏற்றது.

அந்த இன்னொரு எஞ்சினைத் தேடும்போது, தன் காரின் எஞ்சின் குடும்பத்திலேயே தொழிற்சாலை டர்போவுடன் வந்த உறவு எஞ்சின் ஏதேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே பிளாக்கை டர்போவுடனும் டர்போ இல்லாமலும் தயாரித்திருக்கின்றன. டர்போ வகையில் அமுக்க விகிதம் குறைவாகவும், பிஸ்டன் தடித்தும், வால்வுகள் அதிக வெப்பம் தாங்கும் உலோகத்திலும் இருக்கும்; பிஸ்டனைக் குளிர்விக்கும் ஆயில் பீச்சிகளும் பெரும்பாலும் இருக்கும். மவுண்ட்களும் பெல் ஹவுசிங்கும் பல வேளைகளில் அப்படியே பொருந்தும். வயரிங்கில் மாறுவது சில சென்சார்கள் மட்டுமே. வாங்கும்போது எஞ்சினோடு அதன் கணினி, வயரிங், இன்டர்கூலர், முடிந்தால் கியர்பாக்ஸ் ஆகியவற்றையும் ஒரே காரிலிருந்து முழுமையாகப் பெற வேண்டும். காரில் ஏற்றும் முன், வெளியே எளிதாகக் கைக்கு எட்டும்போதே, அதன் கம்ப்ரஷனை அளந்து, டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். சீல் ஒன்றுக்காக எஞ்சினையோ கியர்பாக்ஸையோ மறுபடி இறக்க நேர்ந்தால், முதல் முறை செலவிட்ட உழைப்பில் பெரும்பகுதியை மீண்டும் செலவிட வேண்டியிருக்கும்.